ஏழாவது வாத்து

பெரியவளே, சின்னவனே, ஏழாவது வாத்தைக் கண்டுபிடித்தது யார் என்று நீங்கள் இரண்டு பேரும் இன்னும் சண்டை போடுகிறீர்கள். "அப்பாகிட்ட கொடுன்னு நான்தான் சொன்னேன்" என்கிறாள் இவள். "என் கால் உடைஞ்சதாலதான் கேமே வந்துச்சு" என்கிறான் அவன். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். கண்டுபிடித்தது நான்தான். அதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

சின்னவன் சைக்கிளிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டுப் போட்டிருந்த கோடை விடுமுறை அது. ஹெப்பகோடியில் நம் வீடு மூன்றாவது மாடியில். கீழே பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் சத்தம் கேட்டாலே அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். சாப்பாடும் சரியாக இறங்கவில்லை. சிவாஜிநகரிலிருந்து பார்க்க வந்த உங்கள் பெரியம்மா மகன், காலேஜ் படிக்கிற உங்கள் அண்ணன், மறுநாளே தன் கேம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்து நம் டிவியில் மாட்டிக் கொடுத்தான். ஒரு வாரத்துக்கு மட்டும்.

அது கார் ரேஸ் கேம். அதில் ஏரியைச் சுற்றிப் போகிற ஒரு மலைப்பாதை இருந்தது. அந்த கேமைச் செய்தவர்கள் அந்தப் பாதையில் ஏழு மஞ்சள் வாத்து பொம்மைகளை ஒளித்து வைத்திருந்தார்கள். வாத்து திரையில் தெரியும்போது ஹார்ன் அடித்தால் அது குவாக் என்று கத்தும். மேலே மூலையில் ஓர் எண் கூடும். அண்ணன் ஆறுதான் பிடித்திருந்தான்.

"ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு வருவேன்" என்றான் உங்களிடம். "அதுக்குள்ள ஏழும் புடிச்சுட்டா, கட்டு பிரிக்கிற வரைக்கும் பெட்டி இங்கயே இருக்கட்டும். ஆனா வீடியோ பாத்துக் கண்டுபிடிக்கக் கூடாது."

"புடிக்கலன்னா?" என்று கேட்டான் சின்னவன்.

"புடிக்கலன்னா எடுத்துட்டுப் போயிருவேன். பிடு குரு, விட்டுத் தள்ளு, நானே ஒரு வருஷமா தேடிட்டேன்."

நீங்கள் விடவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஆறு வாத்துகளும் கிடைத்துவிட்டன. ஒன்று டீக்கடைக் கூரையில். ஒன்று பாலத்துக்கு அடியில், படகுக்குள். மற்றவை எங்கே என்று எனக்கு மறந்துவிட்டது. ஏழாவது மட்டும் கண்ணில் படவில்லை. காரைத் திருப்பி எதிர்ப்பக்கமாக ஓட்டிப் பார்க்கலாம் என்றால் கேம் விடாது. சிவப்பு எழுத்து மின்னும், கார் தானாகச் சரியான பக்கம் பார்த்து நின்றுவிடும்.

ஞாயிறு மூன்றரை மணி. சின்னவன் கன்ட்ரோலரை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். கண் கலங்கியிருந்தது. அப்போதுதான் பெரியவள், "அப்பாகிட்ட கொடுடா, ஒரு தடவை ஓட்டட்டும்" என்றாள். சொன்னது உண்மைதான். ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னாள். அதையும் எழுதத்தானே வேண்டும்.

நான் பொம்மசந்திராவில் குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். எப்படி ஓட்டுகிறேன் என்று நீங்கள் பார்த்ததில்லை. முன்னால் அட்டைப்பெட்டிகள் என் தலைக்கு மேல் அடுக்கியிருக்கும். எதிரே ஒன்றும் தெரியாது. அதனால் சுமை உயரமாக இருந்தால் வண்டியை ரிவர்ஸில்தான் ஓட்ட வேண்டும். உடம்பு முன்னால், முகம் பின்னால். நகர்த்துவதற்கு முன் திரும்பிப் பார்க்க வேண்டும், ஹார்ன் அடிக்க வேண்டும். வளைவு வந்தாலும் ஹார்ன். பதினோரு வருடமாக இதே பழக்கம். அதனால்தான் கன்ட்ரோலர் கைக்கு வந்ததும் முதலில் மூன்று கேள்வி கேட்டேன்.

"பிரேக் எது, ஹார்ன் எது, பின்னால பாக்குறதுக்கு எது?"

"ரேஸ்ல யாருப்பா பின்னால பாப்பாங்க?" என்றான் சின்னவன். ஆனாலும் பட்டனைக் காட்டினான்.

எல்லாக் கார்களும் என்னைத் தாண்டிப் போய்விட்டன. நான் கடைசி. வளைவுக்கு வளைவு ஹார்ன் அடித்துக்கொண்டு போனேன். "அப்பா, இது கார்ப்பா, பால் வண்டி இல்ல" என்றாள் பெரியவள். சமையலறையிலிருந்து உங்கள் அம்மா, "வாரம் ஆறு நாள் ஓட்டினது பத்தலையா உங்களுக்கு?" என்று கேட்டாள். பாதை ஒரு குகைக்குள் நுழைந்தது. உள்ளே ஒரே இருட்டு. வெளியே வந்ததும் வெளிச்சத்தில் எனக்கு வளைவு பிடிபடவில்லை. நேராகப் போய்க் கம்பித் தடுப்பில் இடித்து நின்றேன்.

"அந்த மேல் பட்டனை அமுக்குப்பா" என்றான் சின்னவன். "கார் தானா நடு ரோட்டுக்கு வந்துரும். எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாங்க."

"இடிச்ச வண்டிய நான்தாண்டா எடுக்கணும்" என்றேன். "குடோன்ல பட்டன் எங்க இருக்கு?"

ரிவர்ஸ் போட்டேன். பின்னால் பார்க்கிற பட்டனை அமுக்கிக்கொண்டு ஹார்ன் அடித்தேன்.

குவாக் என்றது.

திரையில் நான் வெளியே வந்த குகையின் வாசல் தெரிந்தது. கல் வளைவுக்கு மேலே, அடைகாக்கும் கோழி மாதிரி, மஞ்சள் வாத்து உட்கார்ந்திருந்தது. மூலையில் ஏழு. அந்த வாசல் வழியாக நீங்கள் இருநூறு தடவையாவது வெளியே வந்திருப்பீர்கள். வெளியே வருகிறவனுக்கு வாசலின் முகம் தெரியாது. இடித்தாலும் பட்டனை அமுக்கிவிட்டு முன்னால் பார்த்துப் போய்விடுவான்.

சின்னவன் கட்டுக்காலோடு எழுந்திருக்கப் பார்த்தான். உங்கள் அம்மா ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

சரியாக ஐந்து மணிக்கு அண்ணன் காலிப் பையோடு வந்தான். எண்ணைப் பார்த்தான், உங்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"சித்தப்பா, உண்மையச் சொல்லுங்க. வீடியோ பாத்தீங்கதான?"

"நீயே ஓட்டு" என்றேன். "நான் நிறுத்தச் சொல்ற எடத்துல நிறுத்து."

பறந்தான். குகைக்குள் போய் வெளியே வந்தான். "நிறுத்து. இப்ப பின்னால பாரு" என்றேன். பார்த்தான். ஹார்ன் அடித்தான். அது கத்தியதும் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டான்.

"ஒரு வருஷம் சித்தப்பா. ஒரு வருஷமா இதுக்குள்ள போய்ட்டு வரேன்" என்றான். பிறகு சின்னவனிடம், "பெட்டி உனக்குத்தாண்டா. உங்கப்பாவ மட்டும் இனிமே பந்தயத்துல சேக்கக் கூடாது" என்றான். வெறும் பையோடு திரும்பிப் போனான். உங்கள் அம்மா அதில் முறுக்கு டப்பா ஒன்றை வைத்து அனுப்பினாள்.

வாத்தை அங்கே வைத்தவர் எந்த ஊரோ, யாரோ. ஜெயிக்கிறவன் யாரும் பார்க்காத இடமாகத் தேடி, அழகாக வைத்திருக்கிறார். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் திங்கள்கிழமை எனக்குக் காலை ஷிப்ட். பதினோரு மணி டீ நேரத்தில் எல்லோரும் கேன்டீனுக்குப் போய்விட்டார்கள். ஏழாவது வரிசையின் கடைசியில் 'மெதுவாகச் செல்லவும்' என்று ஒரு தகரப் பலகை தொங்குகிறது. பெட்டிகளில் குறி போடுவதற்கு வைத்திருக்கும் மஞ்சள் சாக்பீஸை எடுத்து, அந்தப் பலகையின் பின்பக்கத்தில் ஒரு வாத்து வரைந்தேன். அலகு கொஞ்சம் கோணலாக வந்தது. அழித்து வரைந்தேன். பிறகு வண்டியில் ஏறி, பலகையைத் தாண்டி முன்னால் போய் நிறுத்தினேன். திரும்பிப் பார்த்து, ஒரு முறை ஹார்ன் அடித்தேன்.