லட்டு ஊட்டிய ராசி

என் மகள் குத்துச்சண்டை போடுகிறவள். மேற்கு மாம்பலத்தில் நாங்கள் இருக்கும் ஃபிளாட்டில் இது தெரிந்ததும், "மூக்கு உடைஞ்சா நாளைக்கு யார் கட்டிப்பா?" என்று எதிர்வீட்டு மாமி கேட்டார். மொட்டை மாடியில் அவள் ஸ்கிப்பிங் ஆடினால் கீழே ஃபிளாட் சங்கச் செயலாளர் வீட்டு ஃபேன் ஆடுகிறதாம். அதற்காக மாடிக் கதவைப் பூட்டிச் சாவியைத் தன் வீட்டு ஆணியில் மாட்டிக்கொண்டார் மனிதர். அவள் தெருவில் ஆட்டோக்களுக்கு நடுவில் ஆடினாள்.

போட்டி நெருங்கினால் எங்கள் வீட்டில் தாளிப்பதில்லை. எடைப் பிரிவைத் தாண்டிவிடக் கூடாதே என்று பட்டினி கிடக்கிறவளைக் கடுகும் பெருங்காயமும் பாடாய்ப் படுத்தும். தி.நகர் புடவைக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து தாளிக்காத ரசத்தை நான் ஊற்ற, அவளுடைய அப்பா மருந்து மாதிரி குடிப்பார்.

மாநிலப் போட்டியில் பதக்கம் வாங்கினாள். அவ்வளவுதான், ஒரே நாளில் "நம்ம பில்டிங் பொண்ணு" ஆகிவிட்டாள். வாசலில் பேனர். அதில் செயலாளர் ஆளுயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். என் மகள் மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்தாள்.

பாராட்டு விழாவை எப்போது வைத்தார்கள் தெரியுமா? தேசிய அணித் தேர்வுக்கு எடை பார்ப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம். தேதியை மாற்றச் சொன்னேன். "சீஃப் கெஸ்ட்டுக்கு வேற டேட் இல்லம்மா" என்றார் செயலாளர். கோச்சோ போனில் கத்தினார்: "தண்ணி கூட வாணாம்மா. கொஞ்சூண்டு ஏறிச்சுன்னாகூட வெளிய அனுப்சிருவாங்க. மூணு வருச உழைப்பு பூடும்."

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் படாத உதட்டோடு அவள் வாசல் பேனருக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். விளையாட்டின் பெருமையைப் பற்றி ஆளாளுக்கு மைக்கைப் பிடித்து அறுத்தார்கள். ஒருவருக்கும் அவள் உதடு கண்ணில் படவில்லை. மாமிக்கு மட்டும் பட்டது. "துரும்பா இளைச்சுட்டாளே! ஆத்துல சோறு போடறேளா இல்லையா?" என்று என்னைக் கேட்டார்.

பொன்னாடை போர்த்திய கையோடு செயலாளர் லட்டை எடுத்தார்.

"சார், நாளைக்கு எடை பார்க்கறாங்க. அவ சாப்பிடக் கூடாது."

"ஒரு லட்டுல என்னம்மா ஆயிடப் போகுது? பாக்ஸர்னா நல்லா சாப்பிட வேணாமா? போட்டோக்குத்தான், வாயைத் தொறம்மா."

முழு லட்டையும் திணித்தார். கைதட்டல் வேறு. மெல்லாமல், விழுங்காமல், அவள் என்னையே பார்த்தாள். பேனருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்ப் பொன்னாடையை அவள் தாடைக்குக் கீழே பிடித்தேன்.

"துப்புடி."

துப்பினாள். நாக்கில் ஒட்டியிருந்த தூளையும் விரலால் வழித்துப் போட்டாள். "ரொம்ப வாசனையா இருக்கும்மா" என்று அழுதாள். பெற்ற பிள்ளையின் வாயிலிருந்து தின்பண்டத்தைப் பிடுங்க வைத்துவிட்டார்களே, பாவிகள்! பொன்னாடையைச் சுருட்டி வீட்டு மூலையில் எறிந்தேன்.

மறுநாள் எடை மயிரிழையில் தேறியது. அதற்கடுத்த நாள் சண்டை போட்டு, அணியிலும் இடம் பிடித்தாள். நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் ஃபிளாட் வாட்ஸ்அப் குழுவில் செயலாளரின் செய்தி வந்துவிட்டது. லட்டு ஊட்டும் போட்டோ. கீழே, "என் கையால் லட்டு சாப்பிட்ட ராசி!" அதற்கு வரிசையாகக் கைதட்டும் பொம்மைகள்.

மூலையில் கிடந்த சுருட்டலை எடுத்துக்கொண்டு போய் அவர் வீட்டு மணியை அடித்தேன். ஸ்வீட் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துக்கொண்டே வாங்கிப் பிரித்தார். ஜரிகை முழுக்க எறும்பு. நடுவில் லட்டு.

"உங்க ராசி சார். அவ துப்பிட்டா."

அவருக்குப் பின்னால் ஆணியில் சாவி தொங்கியது.

"மாடிச் சாவியைக் குடுங்க" என்று கையை நீட்டினேன்.