இருக்கைக்கு அடியில் இருந்த இரும்புக் குழாய்

அடோக் மலைச்சாலையில் ஒரு மழைநாளில் பஸ் மாதிரி ஆள் ஏற்றும் லியோனிடாவின் நீள ஜீப்புக்குப் பஞ்சர் ஆனது. பயணிகளை இறக்கிவிட்டு வீல் ஸ்பேனரைப் போட்டு அவள் தன் பாரத்தையெல்லாம் கொடுத்து அழுத்தினாள். நட்டு அசையவில்லை. கணவன் நோயில் போனபின் அந்த ஜீப்பை ஓட்டித்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஜாக்கியைத் தேடி இருக்கைக்கு அடியில் கையை விட்டபோது, சாக்கில் சுற்றிய ஒரு நீளக் குழாய் கிடைத்தது. ஸ்பேனரின் பிடியில் மாட்டிக்கொள்ளும் அளவுக்கான குழாய். கை வலிக்காமல் இருக்க, அதன் முனையில் பழைய டியூப் ரப்பர் சுற்றியிருந்தது. அதை மாட்டி அழுத்தினாள். நட்டு முனகிக்கொண்டே இளகியது.

அந்தக் குழாயை அங்கே வைத்தது அவள் இல்லை. அந்த ஜீப்பில் வேறு கை பட்டிருந்தால் அது டயர் கடை கார்பியோவின் கைதான். மறுநாள் போய்க் கேட்டாள்.

"மனோங், என் வண்டியில குழாய் வெச்சது நீங்கதானே?"

மனோங் என்றால் அவர்கள் பக்கத்தில் அண்ணன். கார்பியோ காற்றுக் குழாயை இழுத்துக்கொண்டே, "எலி கொண்டுவந்து வெச்சிருக்கும். இந்த மலையில எலியெல்லாம் பெரிசு பெரிசா இருக்கு" என்றார். அடுத்த டயரை உருட்டப் போய்விட்டார்.

அவர் அப்படித்தான். ஒடிசலான உடம்பு, காதை மூடும் கம்பளிக் குல்லாய், கடை வாசலில் மாதா படம். படத்துக்கு முன்னால் பூ வைப்பதற்குப் பதில், வேலை முடிந்த ஸ்பேனரைத் துடைத்து வைப்பார். சக்கரம் மாட்டினால் நட்டுகளைச் சுற்று வரிசையில் முடுக்க மாட்டார். எதிரெதிராக, ஒன்று இங்கே, அடுத்தது அதற்கு நேர் எதிரே. சக்கரம் தரையைத் தொட்ட பிறகு கடைசி இறுக்கம். கொஞ்ச தூரம் ஓடியதும் நிறுத்தி இன்னொரு முறை. இதைச் சொல்லிச் சொல்லியே, 'இன்னொரு தரம் கார்பியோ' என்று டிரைவர்கள் அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்த வருடம் லியோனிடா எஞ்சினைப் பிரித்து வேலை பார்த்து, ஜீப் முழுவதும் பச்சை வர்ணம் அடித்தாள். சக்கரங்களுக்கும் அடித்தாள், கொழகொழவென்று மூன்று பூச்சு. ஞாயிறு பூசை முடிந்ததும் பாதர் வண்டியை மந்திரிப்பதாக ஏற்பாடு. அன்று காலை கார்பியோ சக்கரங்களை மாட்ட வந்தார். நட்டு உட்காரும் குழிகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"லியோனிடா, இந்த இடத்துல மட்டும் வர்ணத்தைச் சுரண்டிடறேன். அடியில வர்ணம் இருந்தா நட்டு இரும்புல உட்காராது. ஓட ஓட அது பொடியாகும், நட்டு இளகும்."

"ஐயோ மனோங், வேண்டாம்! பாதர் தீர்த்தம் தெளிக்கிற நேரத்துல சக்கரம் சொறி பிடிச்ச மாதிரியா நிக்கணும்? நாளைக்குச் சுரண்டிக்கலாம்."

கோயில் மணி அடித்துவிட்டது. கார்பியோ தயங்கினார். பிறகு முடுக்கிவிட்டு, "ஊர் தாண்டினதும் நிறுத்து. குழாயைப் போட்டு இன்னொரு தரம் முடுக்கு. மறந்துடாதே" என்றார். அவள் தலையாட்டினாள்.

பாதர் தீர்த்தம் தெளித்தார், எல்லாரும் கைதட்டினார்கள். பாடகர் குழு இலவசமாக ஏறிக்கொண்டது. பள்ளத்தாக்குக் கோயிலில் அவர்களுக்கு மாலைப் பாட்டு. உள்ளே இடமில்லாமல் நாலு பெரியவர்கள் கூரைமேல் உட்கார்ந்தார்கள். அந்த வழி டிரைவர்களிடம் ஒரு பேச்சு உண்டு: மந்திரித்த வண்டி முதல் ஓட்டத்தில் நடுவழியில் நிற்கக் கூடாது, நின்றால் வருடமெல்லாம் நிற்கும். ஊர் தாண்டியது. லியோனிடாவுக்கு நினைவு வந்தது. ஆனால் பின்னால் பாட்டு, சிரிப்பு. அவள் நிறுத்தவில்லை.

இறக்கத்தில் பனி மூடியது. வலப்பக்கம் பள்ளம், வெள்ளையாக, அடியே தெரியாமல். மூன்றாவது வளைவில் ஸ்டியரிங் லேசாக நடுங்கியது. ரோடு சரியில்லை என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த வளைவில் வலது முன் சக்கரத்திலிருந்து டக், டக் என்று ஒரு சத்தம். பாட்டு அதை மூடியது. பாடியவர்கள் மூச்சு வாங்கியபோது அந்தச் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது: டக், டக், டக்.

அவள் வேகத்தைக் குறைத்தாள். "கொஞ்சம் நிறுத்தறேன்" என்றாள்.

"நடுவழியிலயா?" பின்னாலிருந்து பாடகர் குழுவின் புருடென்சியா கத்தினாள். "பாதர் தெளிச்ச தண்ணி இன்னும் காயலையே! பயந்தாங்கொள்ளி, உன் புருஷன் இருந்தா இப்படி நிறுத்துவானா?"

எல்லாரும் சிரித்தார்கள். கூரையில் ஒரு பெரியவர் தாளம் போட்டார், தலைக்கு மேலேயே. ஆண்டவரே, மேலே நாலு பேர், உள்ளே இத்தனை பேர். ஸ்டியரிங் இப்போது கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளப் பார்த்தது. பிரேக்கை ஒரேயடியாக மிதிக்கப் பயம்; மிதிக்காமல் இருக்கவும் பயம். கியரைக் குறைத்து, வண்டியை மலைப்பக்கமாக ஒடித்து, பாறையோடு உரசும்படி நிறுத்தினாள்.

இறங்கிப் பார்த்தாள். ஆறு நட்டில் ஒன்று இல்லை. ஒன்றைத் தொட்டதும் அவள் உள்ளங்கையில் விழுந்தது. மற்றவை விரலுக்கே சுழன்றன. சக்கரத்தின் நடுவெல்லாம் பச்சைப் பொடி. அவள் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எட்டிப் பார்த்த புருடென்சியா சிலுவை போட்டுக்கொண்டாள்.

பனிக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் ஹார்ன் விடாமல் அலறிக்கொண்டு வந்தது. கார்பியோ. குல்லாய் எங்கோ பறந்துபோயிருந்தது. முகம் சாம்பலாக இருந்தது. கடைக்குத் திரும்பி ஸ்பேனரைத் துடைக்கும்போது துணியில் பச்சை ஒட்டியதாம்; முடுக்கும்போதே வர்ணம் உரிய ஆரம்பித்துவிட்டது என்று புரிந்ததாம். பக்கத்து வீட்டு வண்டியைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். ஒவ்வொரு வளைவிலும் நிறுத்திப் பள்ளத்தை எட்டிப் பார்த்தபடியே வந்திருக்கிறார்.

"எல்லாரும் இருக்கீங்களா?" என்றார். தலைகளை எண்ணிப் பார்த்துக்கொண்டே, "எல்லாரும் இருக்கீங்களா?" என்று மறுபடியும் கேட்டார்.

"நான்தான் மனோங், நான்தான் வேண்டாம்னேன்..."

"நீ சொல்லலாம். நான் கேட்டிருக்கக் கூடாது."

சக்கரத்தைக் கழற்றி, ஆறு குழிகளையும் கத்தியால் சுரண்டினார். இரும்பு பளிச்சென்று தெரியும் வரை விடவில்லை. போன நட்டுக்கு, ஸ்டெப்னியைப் பிடித்திருந்த நட்டைக் கழற்றிக்கொண்டார். பிறகு மற்றச் சக்கரங்கள், ஒவ்வொன்றாக. யாரும் அவசரப்படுத்தவில்லை. யாரும் பாடவும் இல்லை. கடைசி நட்டுக்குக் குழாயை அவளிடம் கொடுத்து, "நீ முடுக்கு" என்றார். அவள் அழுதுகொண்டே முடுக்கினாள். பள்ளத்தாக்கு வரை அவர் முன்னால் மெதுவாகப் போனார். நடுவில் ஒருமுறை கையைக் காட்டி நிறுத்தி, எல்லா நட்டையும் மறுபடி பார்த்தார்.

அதன்பிறகு பல வருடம் கழித்து, மூட்டுவலியும் மலைக்குளிரும் ஒத்துவராமல், கார்பியோ கீழே சமவெளியில் இருந்த மகள் வீட்டுக்குப் புறப்பட்டார். பஸ் நிலையம் வரை லியோனிடாதான் ஜீப்பில் கொண்டுபோய் விட்டாள். பெட்டியை இறக்கிய பிறகு, அவர் பழக்கம் விடாமல் குனிந்து வலது முன் சக்கரத்தின் நட்டுகளைத் தொட்டுப் பார்த்தார். அடுத்த மழைக்காலம் முடியும் முன் அவர் ஆண்டவரிடம் போய்விடுவார் என்று அப்போது அவளுக்குத் தெரியாது. பஸ் படியில் ஏறி நின்று திரும்பினார்.

"குழாயை எலி தூக்கிட்டுப் போகாமப் பாத்துக்கோ" என்றார். "அன்னிக்கு நான் வந்து ஒண்ணும் காப்பாத்தலை, லியோனிடா. நான் வர்றதுக்குள்ள நீயே நிறுத்தியிருந்தே. இனிமேலும் பயம் வந்தா நிறுத்திடு. யாரு சிரிச்சாலும் சிரிக்கட்டும், நீ இறங்கிப் பாரு."