ஐப்பசியில் ஏழு சினைமாடுகள்

அந்த வருஷம் ஐப்பசியில் எங்கள் கொட்டகையில் ஏழு மாடுகள் ஒரே சமயத்தில் கன்று போட இருந்தன. தப்பு என்னுடையதுதான். தை மாதம் மாடுகள் அடுத்தடுத்துப் பருவத்துக்கு வர, ஒன்பது மாதம் தள்ளி மழைக்காலம் என்று யோசிக்காமல் எல்லாவற்றுக்கும் சினை ஊசி போட வைத்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. கணவருக்குக் கல்பாக்கத்தில் ஷிப்ட் வேலை. குவார்ட்டர்ஸ் வாழ்க்கை எனக்கு ஒத்துவராமல், திருக்கழுக்குன்றத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் சாலையோரம் கொஞ்சம் நிலம் வாங்கி, பதினோரு கலப்பின மாடுகளை வைத்திருந்தேன். நான் திருச்சியில் தெருக்குழாயும் மாடிவீடுமாக வளர்ந்தவள். மாட்டைப் பற்றித் தெரிந்ததெல்லாம் செங்கல்பட்டிலிருந்து வரும் கால்நடை டாக்டரை நச்சரித்துக் கேட்டுக்கொண்டதுதான்.

முதல் மாடு நான் இல்லாதபோது கன்று போட்டது. புண்ணாக்கு வாங்க செங்கல்பட்டு போயிருந்தேன். மூன்று மணி நேரம்தான். திரும்பி வந்தபோது கன்று தரையில் கிடந்தது, முகத்தில் சவ்வு மூடியபடி. தாய் அதன் முதுகை நக்கிக்கொண்டிருந்தது. உடம்பில் இன்னும் சூடு இருந்தது. யாராவது பக்கத்தில் இருந்து மூக்கைத் துடைத்துவிட்டிருந்தால் பிழைத்திருக்கும் என்றார் டாக்டர். குற்றம் சொல்ல அவர் நினைக்கவில்லை. எனக்கு அப்படித்தான் கேட்டது.

அதற்குப் பிறகு என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. அடுப்பில் உலை கொதிக்கும்போதே கொட்டகைக்கு ஓடுவேன். ஒவ்வொரு மாடாக வாலடியைத் தொட்டுப் பார்ப்பேன், கன்று போடும் நேரம் நெருங்கினால் விழும் குழி விழுந்திருக்கிறதா என்று. மடியைப் பார்ப்பேன். வீட்டுக்கு வந்ததும் பார்த்தது சரிதானா என்று சந்தேகம் வரும். மறுபடியும் போவேன். நின்றுகொண்டே சாப்பிட்டேன். "நீ இப்படி நடந்துக்கிட்டே இருந்தா மாடே மிரளும்" என்றார் கணவர். இரண்டாவதும் மூன்றாவதும் நல்லபடியாகவே கன்று போட்டன. ஆனாலும் என் கால்கள் நிற்கவில்லை.

நான்காவது, கறுப்பும் வெள்ளையுமான தலையீத்துக் கிடேரி, அதற்கு அதுதான் முதல் கன்று. அதற்கு வலி எடுத்த நாள், மூன்று நாளாக மழை விடாமல் பெய்து ஏரி நிரம்பிச் சாலை மேலே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கணவர் காலை ஷிப்டுக்குப் போயிருந்தார். பத்து மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. பதினொன்றரை வரை காத்திருந்தேன். ஒரு குளம்பும் மூக்கு நுனியும் தெரிந்தன. இன்னொரு கால் வரவில்லை.

வீட்டுக்கு ஓடி டாக்டருக்குப் போன் செய்தேன். ஒரு முன்னங்கால் உள்ளே மடங்கியிருக்கும் என்றார் அவர். அவருடைய வண்டி அந்தத் தண்ணீரில் வராது, சுற்றிக்கொண்டு வர சாயங்காலம் ஆகிவிடும். "அதுவரைக்கும் கன்று தாங்காதும்மா. நீங்களே கையை விட்டுப் பாருங்க" என்றார். வெளியே தெரியும் காலில் கயிற்றைக் கட்டிக்கொள்ள வேண்டும். மாடு முக்காத நேரத்தில் கன்றைப் பின்னால் தள்ளி, மடங்கிய காலின் குளம்பை உள்ளங்கைக்குள் மூடிப் பிடித்து இழுக்க வேண்டும். குளம்பு உரசினால் கருப்பை கிழிந்துவிடும். அதை அவர் இரண்டு தடவை சொன்னார்.

கொட்டகைக்குத் திரும்பியபோது அங்கே மீன்காரம்மா நின்றிருந்தார். சதுரங்கப்பட்டினம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வாரம் இரண்டு நாள் எங்கள் பக்கம் வருபவர். அந்த மழையில் படகு கடலுக்குப் போகாததால் கருவாட்டுக் கூடையோடு வந்தவர், பஸ் நின்றுபோய் எங்கள் கூரைக்குள் ஒதுங்கியிருந்தார். மாடுகள் பக்கம் வரவே மாட்டார். உதைக்கும் என்று பயம்.

சோப்பு போட்டுக் கழுவி, நல்லெண்ணெய் தடவிக் கையை விட்டேன். கன்றின் முட்டி தட்டுப்பட்டது. அதற்குக் கீழே போக முடியவில்லை. மாடு முக்கும்போதெல்லாம் என் கை எலும்போடு நசுங்கியது. நான்கு தடவைக்குப் பிறகு விரல்கள் மரத்துப்போய், எது கன்று, எது மாடு என்று தெரியாமல் போனது. கையை உருவிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"டாக்டரு இன்னா சொன்னாரு?" என்றார் மீன்காரம்மா.

சொன்னேன். குளம்பை மூடிப் பிடிக்கச் சொன்னதை நானும் இரண்டு தடவை சொன்னேன். அவர் வளையல்களைக் கழற்றித் தூணில் இருந்த ஆணியில் மாட்டினார். மூன்று முறை சோப்பு போட்டுக் கழுவினார்.

"நவுரும்மா. நீ அந்தக் கயித்தைப் புடிச்சிக்க."

அவர் கை என்னுடையதைவிடச் சிறியது, ஆனால் கயிறு போல முறுக்கேறியது. கண்ணை மூடிக்கொண்டு துழாவினார். மாடு முக்கியபோது உதட்டைக் கடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். தளர்ந்ததும் தோள் வரை சாய்ந்து உள்ளே தள்ளினார். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரிடத்தில் நிற்பதைத் தவிர எனக்கு வேலை இல்லை. அதுதான் எனக்கு அன்று ஆகக் கஷ்டமாக இருந்தது.

"கெடச்சிச்சி" என்றார். மெதுவாகக் கை வெளியே வந்தது, அதற்குள் மூடியபடி இரண்டாவது குளம்பு.

இரண்டு பேரும் சேர்ந்து, மாடு முக்கும்போது மட்டும் கீழ்நோக்கி இழுத்தோம். கன்று வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்தது. மூச்சு இல்லை. மூக்கையும் வாயையும் வழித்துவிட்டு, சாக்கால் தேய்த்து, வைக்கோலை மூக்கில் விட்டுக் குடைந்தேன். பின்னங்கால்களைப் பிடித்து இருவரும் தூக்கினோம். தும்மியது. பிறகு தலையை உதறியது.

நான் அழுதேன். மீன்காரம்மா வாளித் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"என் மூத்ததும் இப்டித்தான் மடங்கிக்கினு கெடந்துச்சி. அப்ப கையி வுட்டுப் பாக்க ஒருத்தரும் இல்ல."

நான் துண்டை நீட்டினேன். துடைத்துக்கொண்டார். கன்றையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கிடேரியா காளையா என்று கேட்டார். கிடேரி என்றேன். சாலையில் தண்ணீர் கொஞ்சம் வடிந்து பஸ் சத்தம் கேட்டதும் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். சாயங்காலம் டாக்டர் வந்து மாட்டைச் சோதித்து, எங்கும் கிழியவில்லை என்றார். யார் எடுத்தது என்று கேட்டவர், சொன்னதும் நம்பவில்லை.

இன்னும் மூன்று மாடுகள் பாக்கி. அன்று ராத்திரியும் நான் தூங்கவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து மாதத்துக்கு இரண்டு மாட்டுக்கு மேல் ஊசி போட விடவில்லை, மழை மாதங்களில் ஒரு கன்றும் விழாதபடி எண்ணிப் பார்த்துக்கொண்டேன். அந்த ஐப்பசியின் கடைசி மாடு, நான் குளித்துக்கொண்டிருந்த பத்து நிமிஷத்தில் கன்று போட்டது. ஈரத்தலையோடு ஓடினேன். கன்று எழுந்து நின்று மடியைத் தேடிக்கொண்டிருந்தது. அப்படியும் அதன் மூக்கை நான் துடைத்துவிட்டேன்.