சில்வர் டம்ளரை நகர்த்தியது நான்தான்

பாஸ்கர், நீ பொய் சொன்னாய். அந்த டம்ளரை நகர்த்தியது யார் என்று உனக்குத் தெரியும். போனில் நானே உன்னிடம் சொன்னேன். அதற்குப் பிறகும் ‘டம்ளரை மறைத்தது யார்?’ என்ற உன் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. இதை எழுதுகிற இன்றைக்கும் ஓடுகிறது.

மற்றவர்களுக்கு விஷயம் புரிய வேண்டும். நான் உத்திரமேரூரில் முப்பது வருஷமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ். போலீஸ் கூப்பிட்டால் போய் இறந்தவர்களையும் எடுப்பேன். புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று நம் போட்டோகிராபர் சங்க மலருக்குக் கேட்டார்கள். லென்ஸ், லைட்டிங் என்று எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். பாஸ்கரும் நம் சங்கத்தில்தான் இருக்கிறான். என் கல்யாண ஆர்டர்களுக்கு வீடியோ எடுத்தவன், இப்போது யூடியூப் சேனல் வைத்திருக்கிறான். அவன் படிப்பான் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

1. ரெடி

என் முதல் இன்குவஸ்ட், அதாவது போலீசின் பிரேத விசாரணைக்குப் படம் எடுத்தது, தென்னேரி ஏரிக்கரையில். வழக்கமாகப் போகிற போட்டோகிராபர் திருப்பதிக்குப் போய்விட்டார். அதனால் என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கரையில் ஒரு பெரியவர் இறந்து கிடந்தார். கேமராவைத் தூக்கினேன், போகஸ் பண்ணினேன், பழக்க தோஷத்தில் “ரெடி” என்று சொல்லிவிட்டேன்.

எஸ்.ஐ. என்னைத் திரும்பிப் பார்த்தார். “யாரும்மா ரெடி ஆவணும்? நானா, அவரா?”

சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏரியைப் பார்த்தார்கள். நான் அதோடும் விடவில்லை. பெரியவர் தோளில் துண்டு கோணலாகக் கிடந்தது. மாப்பிள்ளைக்குச் செய்வதுபோல அதை நேராக்கக் குனிந்தேன். எஸ்.ஐ. அதட்டினார். “தொடாத. இது கல்யாணம் இல்ல. கீறத கீற மாதிரி எடு.”

இருப்பதை இருக்கிறபடியே எடு. இந்தத் தொழிலில் எனக்கு யாராவது பாடம் எடுத்தார்கள் என்றால் அந்த ஒரு வரிதான். அதற்குப் பிறகு பெண் பிரேதம் என்றால் ‘ஸ்டுடியோ அக்காவைக் கூப்பிடு’ என்று ஆகிவிட்டது. முழு உயரம் ஒன்று, முகம் ஒன்று, அறையின் நான்கு மூலை, வாசல். கோர்ட்டில் கூண்டிலும் ஏறியிருக்கிறேன். நான் எதையும் தொட்டதில்லை என்று சத்தியம் செய்து சொல்லியிருக்கிறேன். அது உண்மையாகவும் இருந்தது. போன ஐப்பசி வரைக்கும்.

2. முகாம்

எங்கள் பக்கத்தில் ஒரு முகாம் இருக்கிறது. இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள். வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, எங்களை மாதிரியே ‘இன்னா’ போட்டுப் பேசுகிற பிள்ளைகளும் அட்டையில் அகதிதான். அவர்களுக்கு முகாம் அட்டைக்குப் போட்டோ எடுத்ததெல்லாம் நான்.

ஆடி மாசத்தில் அங்கே நிரோஜா என்ற பெண் காலையில் படுக்கையைவிட்டு எழுந்திருக்கவில்லை. ஐப்பசியில் தர்ஷினி. அவளுக்கு இருபத்தொரு வயது. தலை சுற்றுகிறது என்று படுத்தவள். இருவர் உடம்பிலும் ஒரு காயம் இல்லை. டாக்டர்கள் பார்த்தார்கள், உறுப்புகளை லேபுக்கு அனுப்பினார்கள். இரண்டு பேருக்கும் இன்னும் பதில் வரவில்லை.

தர்ஷினியின் வீடு ஒரே அறை. பாயில் கிடந்தாள். தலைமாட்டில் ஒரு சில்வர் டம்ளர், அடியில் கொஞ்சம் டீ. வாசலில் நின்று முழு உயரம் எடுத்தேன். அதில் டம்ளரும் விழுந்தது. அடுத்து முகத்தை எடுக்க வேண்டும். ஜன்னல் சின்னது, பிளாஷ் போட்டே ஆக வேண்டும். பிளாஷுக்கும் சில்வருக்கும் ஆகாது. இது உங்களுக்கே தெரியும். மணமேடையில் ஒரு டம்ளர் இருந்தால் போதும், மாப்பிள்ளை மூக்குக்குப் பக்கத்தில் சூரியன் உதித்த மாதிரி இருக்கும். அதனால் மேடையில் ஏறியதும் நான் முதலில் செய்கிற வேலை டம்ளர்களை அப்புறப்படுத்துவது. அன்றைக்கும் கை அதைச் செய்துவிட்டது. டம்ளரை எடுத்துச் சுவரோரம் இருந்த பாத்திர அலமாரியில் வைத்தேன். முகத்தை எடுத்தேன். ஏட்டு வாசலில் கூட்டத்தை விரட்டிக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை.

நானே இதைக் கவனிக்கவில்லை. உங்கள் வீட்டில் நீங்கள் எத்தனை தடவை ஸ்விட்ச் போட்டீர்கள் என்று யாராவது கேட்டால் தெரியுமா? அப்படித்தான்.

உடலை எடுத்துக்கொண்டு போன பிறகு பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து, துக்கத்துக்கு வந்தவர்களுக்கு டீ போடுவதற்காக அலமாரியில் இருந்த பாத்திரம் எல்லாவற்றையும் கழுவிவிட்டார்கள். அந்த டம்ளரையும்தான்.

3. எங்கள் ஊர் துப்பறிவாளர்கள்

மறுநாள் காலையிலேயே பஸ் ஸ்டாண்டு டீக்கடை விசாரணையை முடித்துவிட்டது. ஒருவர் காதல் என்றார். இன்னொருவர், காதல் இல்லை, வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜெண்டு என்றார். மூன்றாமவர் முகாமுக்குப் பின்னால் இருக்கிற புளியமரத்தைச் சந்தேகப்பட்டார். நிரோஜாவும் தர்ஷினியும் ஒரே கலர் சுடிதார் வைத்திருந்தார்கள், அதில் ஏதோ இருக்கிறது என்று நான்காமவர் கண்டுபிடித்தார். முந்தின வருஷத் தீபாவளிக்கு ஒரே கடையில் துணி எடுத்திருந்தால் அப்படித்தான் இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இந்த விசாரணைக்குத் தலைமை தாங்கியவர், தன் வயல் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனது யார் என்று நான்கு வருஷமாகக் கண்டுபிடிக்க முடியாதவர்.

ஊர்ச் சபையில் யார் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்த ஊர் இது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வேனில் கூட்டிவந்து காட்டுகிறார்கள். டீக்கடை பெஞ்சில் உட்காரவும் ஏதாவது தகுதி எழுதி வைத்திருக்கலாம். இடம் பத்தவில்லை போலிருக்கிறது.

என்னையும் விடவில்லை. “நீ கிட்ட நின்னு பாத்தவ ஆச்சே. இன்னா தெரிஞ்சுது?” என்று ஆளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டார்கள். டீயைக் குடித்தேன். பதில் சொல்லவில்லை. அதற்கும், ‘அக்காவுக்கு ஏதோ தெரிஞ்சிகீது, அதான் பேச மாட்டேங்குது’ என்றார்கள்.

4. சிவப்பு வட்டம்

நான் எடுத்த இரண்டு படங்கள் பாஸ்கர் சேனலில் வந்தன. போலீசில் இருந்து போகவில்லை. என் ஸ்டுடியோவில் இருந்து போயின. எடிட்டிங் பண்ண என் சிஸ்டத்தில் அவன்தான் உட்காருவான். பாஸ்வேர்டு மானிட்டரிலேயே ஒட்டியிருக்கும். அது என் தப்பு. இப்போது கிழித்துவிட்டேன். புது பாஸ்வேர்டு வாரத்துக்கு இரண்டு தடவை எனக்கே மறந்துபோகிறது.

கல்வெட்டு மண்டபத்துக்கு எதிரில் மைக் பிடித்து நின்று, ஊரின் பெருமையை ஒரு நிமிஷம் பேசிவிட்டுத்தான் பாஸ்கர் எந்தச் செய்தியும் சொல்வான். அன்றைக்கும் அப்படித்தான் ஆரம்பித்தான். பிறகு முதல் படம். தர்ஷினியின் முகத்தை மறைத்திருந்தான், பெரிய தர்மவான். டம்ளரைச் சுற்றிச் சிவப்பு வட்டம். அடுத்து இரண்டாவது படம். டம்ளர் இல்லாத தரையில் சிவப்பு அம்பு. பேய்ப் படத்துக்குப் போடுகிற மியூசிக். ‘நடுவில் டம்ளரை மறைத்தது யார்? வீட்டில் இருந்தது யார்?’

இரண்டாவது படத்தின் ஓரத்தில் கதவைப் பிடித்தபடி ஒரு கை இருந்தது. தர்ஷினியின் அக்கா சுகந்தியின் கை. அவள் ஒரகடம் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். காலை ஷிப்டுக்குக் கிளம்பித் தங்கையை எழுப்பப் போனவள். ஐ.டி. கார்டின் பச்சைக் கயிறு கையில் சுற்றியபடியே இருந்தது. பாஸ்கர் அந்தக் கையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டினான். பெயர் சொல்லவில்லை. கயிறு சொல்லிவிட்டது. அடுத்த நாள் கம்பெனி வேன் முகாம் வாசலில் நிற்காமல் போனது. இந்தப் பேச்சு அடங்குகிற வரைக்கும் வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் போனில் சொன்னாராம். அந்தச் சம்பளத்தில்தான் அந்த வீடு நடக்கிறது.

வீடியோவைப் பார்த்ததும்தான் என் கை செய்த வேலை எனக்கே ஞாபகம் வந்தது. உடனே பாஸ்கருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவன் ஆச்சரியப்படக்கூட இல்லை. என்னோடு எத்தனை மேடை ஏறியிருக்கிறான். என் கை என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியாதா?

“தெரியும்க்கா, நீங்கதான் எடுத்திருப்பீங்கன்னு நெனச்சேன்” என்றான்.

“அப்புறம் இன்னாத்துக்குடா போட்ட?”

“நான் இன்னா சொன்னேன்? கேள்விதானே கேட்டேன். இப்பதான் வியூஸ் ஏறிக்கினு கீது. நாலு நாள் வுடுங்க, பார்ட் டூ போட்டு நீங்கதான்னு சொல்லிடறேன்.”

இங்கே என்னையும் திட்டிக்கொள்ள வேண்டும். அந்த நாலு நாளில் மூன்று நாள் நானும் வாயைத் திறக்கவில்லை. ஸ்டேஷனில் தெரிந்தால் இனிமேல் கூப்பிட மாட்டார்கள், கோர்ட்டில் சொன்ன சத்தியமெல்லாம் சந்தி சிரிக்கும் என்று பயம். பாஸ்கரை மட்டும் திட்டினால் நான் யோக்கியமாகிவிட மாட்டேன்.

5. கேத்தில்

நாலாவது நாள் முகாமுக்குப் போனேன். சுகந்தி வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

“என் கைய நல்லா போகஸ் பண்ணி எடுத்துகிறீங்கக்கா. என் கல்யாணத்துக்கு உங்களத்தான் கூப்புடணும்.”

சாட்டையால் அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. வாசலிலேயே நின்று, டம்ளரை நகர்த்தியது நான்தான் என்று சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன். வெளிச்சம் தெறிக்கும் என்பதற்காக ஒரு பெண்ணின் பிழைப்பு போனது என்று சொல்லும்போது எனக்கே கேவலமாக இருந்தது. சுகந்தி துணியைப் பிழிந்தாள்.

அவள் அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டார். “இருங்கோ. தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதைப்பம்.” நெளிந்துபோன ஒரு கெட்டில். அவர்கள் கேத்தில் என்பார்கள். அதிலிருந்து மூன்று டம்ளரில் ஊற்றினார். எனக்குக் கொடுத்தது அந்த டம்ளர்தானா என்று கேட்காமல் வாங்கிக்கொண்டேன்.

அந்தம்மா நிதானமாகச் சொன்னார். “அண்டைக்கும் இந்தக் கேத்தில்தான். தலை சுத்துதெண்டு சொன்னவள், நான்தான் ஊத்திக் குடுத்தனான். நானும் இதில இருந்துதான் குடிச்சனான். மூத்தவளும் குடிச்சவள். நாங்கள் ரெண்டு பேரும் இருக்கிறம்தானே.”

ஸ்டேஷனில் இதைச் சொல்லவில்லையா என்றேன்.

“எத்தினை மணிக்கெண்டு கேட்டவை. கையெழுத்து வாங்கினவை. டம்ளரைப் பற்றி ஆர் கேட்டது? ஊர் முழுக்கக் கதைக்கினம். என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்லை.”

டீக்கடையில் ஆராய்ச்சி, சேனலில் ஆராய்ச்சி, ஸ்டேஷனில் ஆராய்ச்சி. டீ போட்டவரிடம் யாரும் கேட்கவில்லை. முகாம் பெண்களுக்கு நூறு அட்டைப் படம் எடுத்த நானும் கேட்கவில்லை.

அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போய், டம்ளரை நகர்த்தியதை எழுதிக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு, “எத்தனை வருஷமா எடுக்கறீங்க?” என்று மட்டும் கேட்டார். அது கேள்வி இல்லை என்று எனக்குத் தெரியும். அம்மாவிடம் மறுபடியும் வாக்குமூலம் வாங்கினார்கள். என்னை அதற்குப் பிறகு ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. கூப்பிடக் கூடாதுதான்.

நான் எழுதிக் கொடுத்ததன் நகலை எடுத்துக்கொண்டு சுகந்தி கம்பெனிக்குப் போனாள். சூப்பர்வைசர் அதைப் படிக்கவில்லை. “பேப்பர் இருக்கட்டும்மா, வீடியோ இன்னும் ஓடிக்கினு கீதே” என்றாராம். அவள் இன்னும் வீட்டில்தான் இருக்கிறாள்.

அதனால் பிள்ளைகளே, கேட்டுக்கொள்ளுங்கள். கல்யாணத்தில் டம்ளரைத் தள்ளி வை. சாவு வீட்டில் உன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டி வை. வெளிச்சம் தெறித்தால் தெறிக்கட்டும், நீ வேறு கோணத்துக்குப் போ. அந்த டம்ளரில் டீ மட்டும்தான் இருந்தது என்று அம்மா சொல்கிறார், நான் நம்புகிறேன். ஆனால் லேபில் கொடுத்துச் சந்தேகமில்லாமல் சொல்லியிருக்கலாம். அதை நான் கெடுத்தேன். நிரோஜாவும் தர்ஷினியும் எப்படிச் செத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல எங்கள் ஊரில் இன்னும் ஒரு ஆள் கிடைத்தால் சந்தோஷப்படுவேன்.

பாஸ்கர், உன் பார்ட் டூ வரவே இல்லை. கேள்விதானே கேட்டேன் என்றாய். சரி, இப்போது நானும் கேள்விதான் கேட்கிறேன். நீ வழக்கமாக நிற்கிற அதே இடத்தில், கல்வெட்டு மண்டபத்துக்கு எதிரில், அதே மைக்கைப் பிடித்துக்கொண்டு நில். மியூசிக் வேண்டாம். டம்ளரை நகர்த்தியது போட்டோகிராபர்தான் என்று என் பெயரைச் சொல்லிச் சொல். பச்சைக் கயிறு கட்டிய அந்தக் கை எதையும் மறைக்கவில்லை என்று சொல். பிறகு சிவப்பு வட்டம் போட்டு இதற்கும் பதில் சொல்: உன் வீட்டிலிருந்து அந்த வீட்டுக்கு வண்டியில் பத்து நிமிஷம், அந்தத் தாயிடம் போய் ஒரு வார்த்தை ஏன் கேட்கவில்லை?