ஏரிக்குக் கேட்ட கார்

இன்ஜினின் சத்தம் சைலன்சருக்குள்தான் குடியிருக்கிறது என்று முப்பது வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். சைலன்சரை மாற்றினால் ஆட்டுக்குட்டியையும் கர்ஜிக்க வைக்கலாம் என்பது என் சித்தாந்தம். அதை நாலு பேரிடம் சொல்லியும் வைத்திருந்தேன். வினை அங்கேதான் பிடித்தது.

அப்போது கோட்டைக்குப்பத்தில், ஊர் மணலில், எனக்கு ஒரு ஓலைக் கொட்டகைப் பட்டறை. கடலுக்குப் போகும் படகுகளுக்கு டீசல் மோட்டார் வர ஆரம்பித்திருந்த காலம். அதைப் பூட்டவும் கழற்றவும் அந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான்.

1. ஐஸ் லாரி

பழவேற்காட்டு காசிம் பாயிடம் அவர் அண்ணன் விட்டுப்போன ஒரு அமெரிக்கக் கார் இருந்தது. பானெட் மேல் இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். உள்ளே எட்டு சிலிண்டர் வி-எயிட் இன்ஜின். பெட்ரோல் விலை ஏறியதும் பாய் அதைக் கழற்றி விற்றுவிட்டு, ஒரு பழைய வேனின் நாலு சிலிண்டர் டீசல் இன்ஜினை வாங்கிப் பூட்டிக்கொண்டார். செலவு குறைந்தது. கூடவே மானமும் குறைந்தது.

"ஏழுமல, நேத்து லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போனேன். பொம்பளைங்கல்லாம் கூடைய தூக்கிகினு ஓடியாராளுங்கோ. ஐஸ் லாரின்னு நென்ச்சிட்டாளுங்கோ. ஒருத்தி கண்ணாடிய தட்டி, 'ஐஸ் பாரு இன்னா வெல?'ன்றா!"

"நீங்க இன்னா வெல சொன்னீங்க பாய்?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அண்ணன் வண்டிய எடுத்தா கும்முனு ஒரு குரல் வரும் பாரு. திருப்பாலைவனத்துல திரும்பறப்பவே இங்க வூட்ல சோத்துக்கு ஒல வெச்சிடுவாங்க. அந்தக் குரல் வேணும். ஒன்னால முடியுமா?"

முடியாது என்ற வார்த்தை அன்றைக்குப் பார்த்து எனக்கு மறந்துவிட்டது.

2. இரட்டைக் குழல்

வி-எயிட்டுக்குப் பின்னால் இரண்டு குழல் இருக்கும். ஆகவே நானும் எக்ஸாஸ்ட் பைப்பை இரண்டாகப் பிரித்தேன். ஒன்று நீளம், ஒன்று குட்டை. சத்தம் முன்னும் பின்னுமாக வந்து சேர்ந்து உருளும் என்று கணக்கு. சைலன்சருக்குள் இருந்த தடுப்புத் தகடுகளில் பாதியை வெட்டி எடுத்து, அந்த இடத்தில் இரும்புச் சுருளைத் திணித்தேன். பன்னிரண்டு நாள் வெல்டிங். ஸ்டார்ட் செய்தபோது, சளி பிடித்த எருமை குடத்துக்குள் தலையை விட்டு இருமியது போல ஒரு சத்தம் வந்தது.

"இன்னாடா இது?" என்றார் பாய்.

"புது சைலன்சர் பாய். ஓட ஓடத்தான் குரல் தொறக்கும்."

வாயில் வந்ததைச் சொன்னேன். பாய் நம்பிக்கொண்டு போனார். இரண்டாம் நாள் ஆள் வசம் ஒரு பொட்டலம் அல்வா வந்தது. "குரல் தொறந்துகிச்சாம், சொல்லச் சொன்னாரு." அல்வாவைத் தின்றேன். தின்று முடிப்பதற்குள் என் பொய்யை நானே நம்பிவிட்டேன்.

3. கருவாடு

எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை போடுவது என்று ஊரே முறை வைத்திருக்கும். அப்படி வலை நிற்கும்போது ஏரியில் மோட்டார் ஓடக்கூடாது, இறால் கலைந்துவிடும் என்பது ஊர்க்கட்டு. மீறினால் தெண்டம் மட்டுமில்லை. மீறியவனோடு யாரும் தொழில் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

அல்வா வந்து மூன்றாம் நாள், பக்கத்து வீட்டு கோவிந்தன் பட்டறை வாசலில் வந்து நின்றான்.

"எவனோ ஏரியில மோட்டார் உட்டுகினு கீறான். பொழுது சாயறப்ப கேக்குது. எறா ஒண்ணும் பட மாட்டேங்குது. நாளைக்கு வலைக்குப் போறதுக்கு மின்ன கோயிலாண்ட கூட்டம். மோட்டார் பூட்றவன் நீ ஒருத்தன்தானே? ஒன்னதான் கூப்புட்றாங்க."

நான் ஏரிப் படகு எதற்கும் மோட்டார் பூட்டவில்லை. ஆனால் பட்டறையில் லைட்ஹவுஸ் குப்பத்துக் கடல் படகு ஒன்றின் மோட்டார் ரிப்பேருக்கு வந்து உட்கார்ந்திருந்தது. அதை எங்கே ஒளிப்பது என்று சுற்றிப் பார்த்தேன். என் மனைவி தனம் கொல்லையில் காயப்போட்டுக் குவித்திருந்த கருவாட்டுக் குவியல் கண்ணில் பட்டது.

"தனம், ஒரு கை புடி."

"தப்பே பண்ணலன்ற. அப்பறம் இன்னாத்துக்குய்யா ஒளிக்கற?"

"தப்பு பண்ணாதவன் வூட்ல மோட்டார் இருந்தா பாக்கறவன் இன்னா நெனைப்பான்?"

"கருவாட்டுக்குள்ள இருந்தா இன்னா நெனைப்பான்?"

இரண்டு பேரும் இழுத்துக்கொண்டு போய்ப் புதைத்தோம்.

4. கூட்டம்

மறுநாள் மாலை கூட்டத்தில் ஊர்த் தலைவர் முதல் வேலையாக என் பட்டறையைப் பார்த்துவர நாலு பேரை அனுப்பினார். அவர்கள் மோட்டாரைக் கழியில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கார்புரேட்டர் இல்லாத குறைக்கு ஒரு காய்ந்த காரப்பொடி மீன் அதன் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது.

தலைவர் குனிந்து முகர்ந்து பார்த்தார். "இன்னா நைனா, மோட்டாருக்கும் உப்பு போட்டு காய வெக்கிறியா?"

"லைட்ஹவுஸ் குப்பத்து மோட்டார் தலைவரே. ரிப்பேருக்கு வந்தது. ஏரியில எறங்கவே இல்ல."

"அப்ப எதுக்கு ஒளிச்ச?"

"நானும் அதத்தான் கேட்டேன்" என்றாள் தனம், பின்னாலிருந்து.

இன்று ராத்திரியே கொட்டகையைப் பிரிக்க வேண்டியதுதான், மாமனார் வீட்டில் எந்த மூலையில் படுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கேட்டது. டுபுடுபுடுபுவென்று, தண்ணீரின் மேல் வருவது போல.

"இதே சத்தம்தான்!"

கூட்டம் முழுக்க எழுந்து ஏரிக்கரைக்கு ஓடியது. கையும் களவுமாகப் பிடிபடப்போவது நான்தான் என்பது போல நானும் ஓடினேன். ஏரியில் பாய்மரங்களைத் தவிர ஒன்றுமில்லை. சத்தம் முதுகுக்குப் பின்னால் வந்தது. திரும்பினோம். கரை ரோட்டில் காசிம் பாயின் கார் தவழ்ந்து வந்தது. ஊரே தன்னைப் பார்க்க எழுந்து வந்துவிட்டது என்று நினைத்து பாய் மாப்பிள்ளை போலக் கையை ஆட்டினார்.

தலைவர் அவரை நிறுத்தி விவரம் கேட்டார். பாய் என் சைலன்சர் வேலையைப் பெருமையாகச் சொன்னார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"வண்டி ஏரியில எறங்கல. கட்டு ஏரிக்குத்தான், ரோட்டுக்கு இல்ல. ஆனா எறாவுக்கு ரோடு எங்க தெரியும்? சத்தம்தான் தெரியும். பொழுது சாஞ்சா இந்தக் கரையோரம் இன்ஜின நிறுத்திட்டு வண்டிய தள்ளிகினுதான் போகணும் பாய்."

"இம்மாம் பெரிய வண்டிய யாரு தள்றது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்குத் தெண்டம் எவ்ளோ தலைவரே?" என்றேன்.

"பயந்தவனுக்கு எதுக்குடா தெண்டம்? தள்ளு."

தள்ளினேன். பம்பரில் தோளைக் கொடுத்துக் குனிந்தபோது என் இரட்டைக் குழல் முழங்காலில் இடித்திருக்க வேண்டும். இடிக்கவில்லை. இன்னும் குனிந்து பார்த்தேன். முன் சீட்டுக்கு அடியிலேயே பைப் மொட்டையாக முடிந்திருந்தது.

பூட்டிய இரண்டாம் நாளே, திருப்பாலைவனம் வளைவில், என் வெல்டிங் விட்டுப்போய் சைலன்சர் கழன்று விழுந்திருந்தது. பாய் தன் அண்ணன் காலத்துக் குரல் என்று மகிழ்ந்தது, சைலன்சர் இல்லாத வேன் இன்ஜினின் சத்தம். பெரிய படகுகளுக்கு நாங்கள் பூட்டுவதும் அதே ரக இன்ஜின்தான், ஏரிக்காரர்களின் காது கொஞ்சமும் தப்பவில்லை. சைலன்சரை அடுத்த வாரம் தேடிப்போய்ப் பார்த்தேன். ஒரு விவசாயி அதை எடுத்து வயல் வரப்பில் மடைக்குழாயாகப் பதித்திருந்தார். இரண்டு குழலிலும் தண்ணீர் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.