தண்ணி ஊத்தக் கூடாத சரிவு

எங்க நைனா கொத்தனாரு. மாகறல் பக்கம் ஒரு வீட்டுக்குச் சாரம் மேல நின்னு பூசிக்கினு இருந்தப்ப கீழ விழுந்துட்டாரு. கை ரெண்டும் நல்லா இருக்கு, இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே இல்ல. சக்கர நாற்காலி வந்துச்சு. ஆனா ஏரி ரொம்பினா தெருவுல தண்ணி நிக்கும்னு வீட்டை உசத்திக் கட்டினதே அவருதான், வாசல்ல படி. வெளிய போகணும்னா அம்மா, நான், பக்கத்து வீட்டு ஆளுங்க ரெண்டு பேரு சேர்ந்து தூக்கணும். கொஞ்ச நாள் தூக்கினோம். அப்புறம் வரமாட்டேன்னுட்டாரு. "நாலு பேரு தூக்க ஒரு நாள் வரும், அன்னிக்குத் தூக்குங்க" ன்னாரு. எனக்குப் பத்திக்கினு வந்துச்சு. ஒரு வருசம் உள் ரூம்லயே கிடந்தாரு.

நான் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் லேப்ல வேலை பாக்குறேன். சிமெண்ட் இல்லாத சிமெண்ட்தான் எங்க வேலை. அனல்மின் நிலையத்துச் சாம்பலு, இரும்பு ஆலைக் கசடு, ரெண்டையும் காஸ்டிக் கரைசல் விட்டுப் பிசைஞ்சா கல்லாயிடும். அந்தக் கல்லை அறுத்து, தேய்ச்சு, எலக்ட்ரான் நுண்ணோக்கியில வெச்சுப் பாக்குறது நானு. சாம்பலு வெறும் கண்ணுக்குத் தூளு, அதுல பாத்தா அத்தனையும் குட்டிக் குட்டிக் கண்ணாடி உருண்டை. அந்தக் காஸ்டிக் காரம் பட்டதும் ஓரத்துலேர்ந்து கரைஞ்சு பசையாகி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். நல்லா வெந்த ஜவ்வரிசி மாதிரிதான்.

லேப்ல மிஞ்சின சாம்பல், கசடு மூட்டைங்களைக் கேட்டு வாங்கியாந்து, படி மேல ஒரு சரிவு போட்டேன். அவரே நாற்காலியை உருட்டிக்கினு இறங்கணும், எனக்கு வேற ஒண்ணும் வேணாம். காரம் கையில பட்டா தோலைத் தின்னுடும், அதனால ஒருத்தரையும் கிட்ட விடல. பிளாஸ்டிக் ஷீட்டைப் போட்டு மூடி, யாரும் தொடாதீங்கன்னு சொல்லிட்டுக் காலேஜுக்குப் போனேன். அந்த வாரம் வேலை ஜாஸ்தி, ஹாஸ்டல்லயே தங்கிட்டேன்.

திரும்பி வந்து பாத்தா ஷீட்டு மடிச்சு ஓரமா இருக்கு. சரிவு மேல ஈரச் சாக்கு. கீழ ஓரத்துல மண்ணுல பாத்தி கட்டி, தண்ணி தளும்ப நிக்குது. சாக்கைத் தூக்கினா வெள்ளையா உப்பு பூத்துக் கிடக்கு, நகத்தால கீறினா மாவா வருது. அம்மாவை வாய்க்கு வந்தபடி திட்டினேன். உள்ளேர்ந்து நைனா குரல் வந்துச்சு.

"அவள ஏண்டி திட்ற? நான்தான் ஊத்தச் சொன்னேன்."

சிமெண்ட் போட்டா தண்ணி ஊத்தணும். கொத்தனாருக்கு அது மூச்சு விடற மாதிரி, யோசிக்கவே மாட்டாங்க. கட்டிலை வாசல் தெரியற மாதிரி இழுத்துப் போடச் சொல்லி, காலைலயும் சாயங்காலமும் அம்மாவை விரட்டியிருக்காரு. சாக்கு காஞ்சுச்சா, பாத்தி ஒடைஞ்சுச்சான்னு கேட்டுக்கினே இருந்திருக்காரு. ஒரு வருசத்துல அந்த வாரம்தான் அவரு கொரல் தெருவுக்குக் கேட்டுச்சுன்னு அம்மா அப்புறமா சொல்லிச்சு.

ஒரு துண்டை ஒடைச்சு லேபுக்கு எடுத்துனு போனேன். உருண்டை எல்லாம் கரையாம, போட்டது போட்டபடி கிடந்துச்சு. நடுவுல பசை இல்ல, வெறும் பொத்தலு. அந்தப் படத்தை அவருக்குப் போன்ல காமிச்சேன். சிமெண்ட் தண்ணியைக் குடிச்சு இறுகும், இதுக்குத் தண்ணி காரத்தைச் சுமந்துனு போற வண்டி மட்டும்தான், மேல ஊத்தினா காரத்தையே கழுவினு போயிடும்னு சொன்னேன். ரொம்ப நேரம் பாத்துட்டுப் போனைத் திருப்பிக் குடுத்தாரு.

பழசை ஒடைச்சு அள்ளிட்டு மறுபடி கலக்குறப்ப, கட்டில்லேர்ந்து கேட்டாரு.

"இந்தத் தபா நான் இன்னா பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம் நைனா. மூடி வெச்சுட்டு சும்மா இருந்தா போதும்."

"அதான ஒரு வருசமா பண்ணிக்கினு கீறேன்."

கலவையை அப்படியே வெச்சுட்டு, அவரு ரெண்டு கைக்கும் ரப்பர் உறை மாட்டினேன். அம்மாவும் நானும் அவரை மேல வாசல் ஓரத்துல உக்கார வெச்சோம். பூசற கரண்டியைக் குடுத்ததும் வாங்கினாரு. இது ரொம்பப் பிசினா ஒட்டுதேன்னு திட்டிக்கினே, கை எட்டற வரைக்கும் அவரே இழுத்து விட்டாரு. மிச்சத்தை நான் பாத்துக்கினேன். அப்புறம் ஷீட்டைப் போட்டு மூடினோம். அது இறுகற வரைக்கும் நாய் கூட அதை மிதிக்கல, மிதிக்க அவரு விடல.

ஷீட்டை எடுத்த அன்னிக்கு, தள்ளி விடப் போன அம்மா கையை விலக்கிட்டு அவரே இறங்கினாரு. தெருவுல நிப்பாருன்னு நெனச்சோம். நிக்கல. தெருமுனையில வளைஞ்சு போயிட்டாரு. அம்மா பதறிப் போயி, எங்கடி போறாருன்னு கேட்டுச்சு. தெரியலம்மான்னேன். சொல்றப்பவே அழுகை வந்துடுச்சு. ஒரு வருசமா அவரு எங்க இருக்காருன்னு எங்களுக்குத் தெரியாம இருந்ததே இல்ல.