கடைசிச் சரணம்

பிடில் வில்லுக்கு ரோசின் பிசினைத் தேய்த்தபடியே சாரதாமணி காதைத் தீட்டிக்கொள்கிறார். எதிர்ப் பட்டறையில் போர்வெல் ரிக் லாரி ஒன்று ஹாரன் அடிக்கிறது. "பஞ்சமத்துக்குக் கொஞ்சம் ஏத்தமாப் போவுதுங்க" என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் பிடிலுக்குச் சுருதி சேர்ப்பார். திருச்செங்கோட்டில் லாரி ஹாரனுக்கும் மார்க் போடுகிற ஒரே ஆள் இந்த எழுபத்தைந்து வயதுக்காரராகத்தான் இருக்கவேண்டும்.

பிடில் அவருடைய பெரியம்மா ராமாயி அம்மாளுடையது. ஒரு பெண் பிடிலோடு மேடையேறினால் ஊரே வாயைப் பிளந்த காலத்தில், நாமக்கல், சேலம் என்று வண்டி கட்டிப் போய் வாசித்தவர். சொந்தமாகப் பாட்டும் கட்டியவர். பெட்டியைத் திறந்தால் இன்னும் லேசாக ஜவ்வாது மணக்கிறது. சாரதாமணி கண்ணை மூடிக்கொள்வார். "பெரியம்மா வந்தாச்சுங்க" என்பார். அந்த நாட்களுக்காக அவர் ஏங்குவது முகத்திலேயே தெரியும்.

ராமாயி அம்மாள் கட்டியதில் மிஞ்சியிருப்பது, மலைமேல் இருக்கும் உமையொருபாகன் மீது ஒரே ஒரு பாட்டு. கடைசிச் சரணத்தில் தன் பெயரை முத்திரையாக வைத்திருந்தார். ஒரு பாகவதர் அதை இசைத்தட்டுக்குப் பாடினார். பக்கத்தில் பிடில் வாசித்தது ராமாயி அம்மாளேதான். தட்டில் இடம் போதவில்லை என்று கடைசிச் சரணத்தை வெட்டிவிட்டார்கள். ஊர் அந்தத் தட்டைக் கேட்டுத்தான் பாடம் பண்ணியது. இன்றைக்கும் எல்லோரும் தட்டு முடிகிற இடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இயற்றியவர் பெயர் தெரியவில்லை என்று மேடையிலேயே அறிவிக்கிறார்கள்.

"தெரியலீங்களாமா! எங்க ஊட்ல உக்காந்து கட்டுன பாட்டுங்க அது." என்பார் சாரதாமணி. சரணத்தை முழுக்கப் பாடுங்கள் என்று அவர் கெஞ்சாத பாடகர் பாக்கியில்லை. "நேரமில்லீங்கம்மா" என்று நழுவிவிடுவார்கள். நீங்களே பாடலாமே என்றால் பதறிப்போவார். "பக்கவாத்தியக்காரி மேடையில வாயத் தொறக்கக் கூடாதுங்க சாமி. பெரியம்மா போட்ட சட்டம்."

இந்த வைகாசித் தேருக்கும் அடிவாரப் பந்தலில் அதே பாட்டு. பாடியவர் மல்லசமுத்திரத்துச் சுகன்யா, பக்கத்தில் பிடில் சாரதாமணி. வழக்கமான இடத்தில் முடித்துக் கும்பிட்டார், கைதட்டல் எழுந்தது. சாரதாமணியின் வில் மட்டும் நிற்கவில்லை. மிருதங்கக்காரர் திரும்பிப் பார்த்தார், பிறகு அவரும் சேர்ந்துகொண்டார். சனம் அடங்கியது. கடைசிச் சரணம் ஏறி இறங்கி, முத்திரை வரும் இடத்துக்கு வந்தது. அங்கே சாரதாமணி வில்லைத் தந்தியிலிருந்து தூக்கினார். வாயைத் திறந்து, "ராமாயி" என்று பாடினார்.